தண்ணி இறங்க மாட்டேங்குது

காரைக்குடியில் சர்க்கரை நோய்க்கான ஒரு தனியார் கிளினிக்கில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். டாக்டர் மாத்திரையை எழுதிவிட்டு, "சாப்பாட்டு விஷயத்தை அந்த ரூம்ல பேசிக்கோங்க" என்று கைகாட்டுவாரே, அந்த ரூம்தான் என்னுடையது. கந்தரப்பத்தையும் பால்பணியாரத்தையும் பற்றிப் பேசியே பாதி நாள் போய்விடும். கவுனி அரிசி கறுப்பாக இருக்கிறது, சுகருக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே அதில் சீனியும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கிளறிச் சாப்பிடுகிறவர்களிடம் வாதாடி ஜெயித்தவர் இந்த வட்டாரத்தில் யாரும் கிடையாது.

கொஞ்ச காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "இதுலதான் சர்க்கரையே இல்லையே மேடம், தண்ணிக்குப் பதிலா இதையே குடிச்சா என்ன?" பையிலிருந்து டயட் கோலா பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டே கேட்பார்கள். முன்பு சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ லீவுக்கு வந்த பிள்ளைகள்தான் இதைக் கேட்பார்கள். இப்போது பத்து ரூபாய் பாட்டிலிலேயே சர்க்கரை இல்லாத வகை வந்துவிட்டது. பெட்டிக்கடை ஐஸ்பெட்டியில் பன்னீர் சோடாவுக்குப் பக்கத்தில் அதுவும் நிற்கிறது.

கேட்கிறவரை அதட்டி அனுப்புவது சுலபம். ஆனால் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறதே! சாதாரண கோலாவில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை. 300 மில்லி பாட்டில் ஒன்றைக் காலி செய்தால் 30 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரையை நாள் முழுதுக்கும் சேர்த்தே 25 கிராம் அளவில் நிறுத்தினால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. டயட் வகையில் அந்த ஆறு தேக்கரண்டியும் இல்லை. ஆகவே தினமும் இரண்டு பாட்டில் கோலா குடித்துப் பழகியவர் டயட்டுக்கு மாறினால் நான் மறுப்பு சொல்வதில்லை. மீட்டரிலேயே வித்தியாசம் தெரியும்.

கோலா குடித்தால் உடம்பு வறண்டுவிடும் என்று சொல்வதும் சரியில்லை. 2016-ல் பிரிட்டனில் ஆய்வாளர்கள் பல பானங்களைக் குடிக்கக் கொடுத்து, சில மணி நேரத்தில் எவ்வளவு சிறுநீராக வெளியேறுகிறது என்று அளந்தார்கள். டயட் கோலாவும் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதிலுள்ள காஃபீன், ஒரு டம்ளர் காப்பியில் இருப்பதைவிடக் குறைவுதான். என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்குக் கோலா என்றாலே பாத்ரூம் கழுவுகிற சாமான்.

சரி, அப்படியானால் குடிக்கலாமா? கோலாவுக்குப் பதில் என்றால் தாராளமாக. தண்ணீருக்குப் பதில் என்றால் எனக்குச் சம்மதமில்லை. முதல் காரணம் பல். அமிலத்தை அளக்கும் எண்தான் பிஎச், அது குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று அர்த்தம். பல்லின் மேல்பூச்சு, வாயிலுள்ள பிஎச் 5.5-க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும். டயட் கோலாவின் பிஎச் மூன்றை ஒட்டி இருக்கிறது. சர்க்கரையை எடுத்துவிட்டார்கள், அமிலத்தை எடுக்கவில்லை. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் குடித்து முடிப்பவருக்கு எச்சில் கொஞ்ச நேரத்தில் சமாளித்துவிடும். தண்ணீர் பாட்டில் மாதிரி பக்கத்தில் வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை ஒவ்வொரு வாயாகக் குடிப்பவரின் பல்லுக்கு ஓய்வே கிடையாது. சுகர்காரர்களுக்கு ஏற்கெனவே ஈறு பலவீனம், பலருக்கு வாயும் உலர்ந்துபோயிருக்கும். இரண்டாவது, கோலாவில் சேர்க்கும் பாஸ்பாரிக் அமிலம். கிட்னி தளர்ந்து, பாஸ்பரஸைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் டயட் என்றாலும் சாதாரணம் என்றாலும் கோலாவைத் தொடக் கூடாது. எங்களிடம் வருகிறவர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய.

புற்றுநோய் பயத்தை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்கிறது. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, டயட் பானங்களில் இனிப்புக்காகச் சேர்க்கும் அஸ்பார்டேமைப் 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் உள்ளது' என்ற பட்டியலில் சேர்த்தது. அதே நாளில் உணவுச் சேர்க்கைகளை ஆராயும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்ற பழைய அளவில் மாற்றம் தேவையில்லை என்றது. 70 கிலோ உள்ளவர் அந்த அளவைத் தாண்ட ஒரு நாளில் ஒன்பது முதல் பதினான்கு கேன்களுக்கு மேல் குடிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் முதல் பாதிதான் வரும். பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற அரிய பரம்பரைக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமை அடியோடு தவிர்க்க வேண்டும்.

எடை குறையுமா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இன்னும் வழக்கு தீரவில்லை. ஈரானில் எடை கூடிய பெண்களை வைத்து நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் டயட் பானத்தை விட்டுத் தண்ணீர் குடித்தவர்களுக்குக் கூடுதலாக எடை குறைந்தது. 2016-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வு நேர் எதிர்: டயட் பானம் குடித்தவர்களுக்கே அதிகம் குறைந்தது. அந்த இரண்டாவது ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பானக் கம்பெனிகளின் சங்கம். அதனால் மட்டும் அது பொய்யாகிவிடாது, ஆனால் நான் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிப்பேன். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் குறைக்க இந்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று வழிகாட்டியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த வழிகாட்டல் பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. நீண்ட கால ஆய்வுகளில் இந்தப் பானங்களைக் குடிப்பவர்களுக்கு நோய் அதிகம் தெரிவது உண்மை. குடித்ததால் நோய் வந்ததா, குண்டாகிப் பயந்துபோனவர்கள் குடிக்கத் தொடங்கினார்களா என்று பிரிப்பதுதான் கஷ்டம்.

என் ரூமில் தெரிவது வேறு. கல்யாண வீட்டில் இலையில் வைத்த இனிப்பு ஒன்று விடாமல் சாப்பிட்டு, "அதான் டயட் குடிச்சேனே" என்று கணக்கை நேர் செய்துகொள்கிறார்கள். பாட்டிலில் மிச்சமானது பணியாரத்தில் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. கானாடுகாத்தான் பக்கம் இன்சுலின் போடும் பெரியவர் ஒருவர். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறார். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியது. மருமகள் கெட்டிக்காரப் பெண். மீட்டரில் பார்த்தால் சுகர் 54, ரொம்பத் தாழ்ந்துவிட்டது. இனிப்பாக ஏதாவது கொடுக்கச் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்து, பிரிட்ஜிலிருந்த பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டாள். அது மாமனாருக்கென்றே வாங்கிய டயட். அவர் முழுவதும் குடித்தார், நாக்கிலும் நல்ல தித்திப்பு. பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மீட்டர் அப்படியே நிற்கிறது. எனக்குப் போன் வந்தது. "பாட்டில்ல என்ன எழுதியிருக்கு?" என்றேன். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமில்லை. "அய்யோ மேடம்" என்றாள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன். பெரியவர் தேறிவிட்டார். தேறியதும் அவர் கேட்டது, "சீனித் தண்ணி இன்னொரு டம்ளர் உண்டா?"

இன்சுலினோ, சுகரைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர் வீட்டில் டயட் பாட்டில் இருந்தால், குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றும் கண்ணில் படும் இடத்தில் இருந்தாக வேண்டும். சீட்டில் இதைச் சிவப்பு மையில் எழுதுகிறேன்.

தண்ணீருக்குப் பதிலாக இதைக் குடிக்கலாமா என்று கேட்பவரிடம், ஆமாம் இல்லை என்று சொல்வதற்கு முன்னால், ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டுவிடுகிறேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "தண்ணி இறங்க மாட்டேங்குது." சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பெருமை பேசுகிற ஊர் இது. இறங்காததற்குத் தண்ணீரின்மேல் பழி போட முடியாது. கொஞ்ச நேரம் பேசவிட்டால் உள்ளே இருக்கிற சங்கதி வெளியே வரும்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவருக்குச் சென்னையிலிருந்து மகன் டயட் பானம் பெட்டியாக இறக்கியிருந்தார். "தண்ணிதான் குடிக்க மாட்டேங்கிறீங்க, இதையாவது குடிங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆச்சி சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் ஒரு சொட்டும் தொடுவதில்லை. காரணம் வீடு. முகப்பில் நுழைந்தால் வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை போகிறது. கழிப்பறை பின்கட்டின் கோடியில். ஆச்சி படுப்பது முன்னால். முழங்கால் வலியோடு, ஆள் இல்லாத வீட்டில், ராத்திரி அவ்வளவு தூரம் நடந்து போய்வர வேண்டும். "விழுந்து கெடந்தா காலையில வேலைக்காரப் பொண்ணு வர்ற வரைக்கும் யாரு பார்ப்பா?" என்றார். சுகர் கூடியிருந்ததால் சிறுநீரும் அடிக்கடி வந்தது. கோலாவின் காஃபீன் இருக்கிற அரைத் தூக்கத்தையும் கெடுத்துவிடும். கமோடு நாற்காலி ஒன்று வாங்கிக் கட்டில் பக்கத்தில் போடலாம் என்றேன். ஆச்சி கையை உதறினார். சாமி வீட்டுக்கு நேரே அதைப் போடுவதா? கடைசியில் கட்டிலே நகர்ந்தது. பின்கட்டிலேயே கழிப்பறைக்குக் கிட்டத்தில் ஓர் அறையை ஒழித்து, வழியில் விளக்குப் போட்டார்கள். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. மகன் வாங்கிக் கொடுத்த பெட்டி வேலைக்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போனது.

ஆத்தங்குடிப் பக்கம் டைல்ஸ் போடும் அண்ணன் வேறு மாதிரி. கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணத்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் வைத்து அழுத்தி, அப்புறம் அந்த டைல்ஸைத் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறவர். கல் நனைகிறது, மனிதர் காய்கிறார். கேன் தண்ணீர் சப்பென்று இருக்கிறதாம், டயட் என்றால் நாக்குக்கு ஏதோ கிடைக்கிறதாம். சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டதற்கு வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு, "டீ கலர்" என்றார். ஏற்கெனவே ஒரு முறை கிட்னியில் கல் வந்து அடைத்து வலியில் துடித்தவர். கல் திரும்ப வராமலிருக்க நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீராவது போக வேண்டும். அந்த வெயிலில் அதற்கு எவ்வளவு குடிக்க வேண்டியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதையெல்லாம் பாட்டிலில் வாங்கிக் கட்டுப்படியாகாது. பானைத் தண்ணீர், நிறைய நீர் விட்ட மோர், எலுமிச்சைத் துண்டு போட்ட தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தேன். மோர் மட்டும் ஒத்துக்கொண்டார்.

எனக்கு விடை தெரியாமல் நிற்கிற இடம் கடைப் பெண்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நிற்கிற ஒரு பெண், முப்பதைத் தொடவில்லை, சுகர் எல்லையில் நிற்கிறது, யூரின் இன்ஃபெக்‌ஷன் திரும்பத் திரும்ப. மதியம் ஒரு சின்ன டயட் பாட்டில், அவ்வளவுதான் அன்றைய நீராகாரம். "தண்ணி குடிச்சா ரெண்டு தடவையாவது போகணும் மேடம். பாத்ரூம் சாவி சூப்பர்வைசர் கிட்ட. ஒவ்வொரு தடவையும் போய்க் கேக்கணும், இப்பதான போனேன்னு சொல்வார். இது ஒண்ணு குடிச்சா தூக்கமும் வராது, போகவும் வேண்டாம்." கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. அந்தக் கடையில் ஸ்டூல் வந்துவிட்டதாம். சாவி மட்டும் சூப்பர்வைசரிடமே இருக்கிறது. இவளிடம் போய் அமிலம், அஸ்பார்டேம் என்று நான் என்ன வகுப்பு எடுப்பது?

கிளினிக் லெட்டர்பேடில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி ஒரு கடிதம் கொடுத்தோம்: மருத்துவக் காரணத்தால் இவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறை செல்ல அனுமதிக்கவும். எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு லீவு லெட்டர் எழுதுவது போல. ஆனால் வேலை செய்தது. அந்தப் பெண்ணுக்கு மட்டும். போன வாரம் அதே கடையிலிருந்து இன்னும் சில பெண்கள் வந்து, சுகர் டெஸ்ட் வேண்டாம், அந்த லெட்டர் மட்டும் கிடைக்குமா என்று கேட்டார்கள். நோய் இல்லாதவருக்கு மருத்துவக் காரணம் என்று எப்படி எழுதுவது என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை கடை முதலாளியிடம் நேரில் போய்ப் பேசிப் பார்க்கலாமா என்று நர்ஸ் அக்காவும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். முதலாளிக்கும் சுகர் உண்டு, எங்களிடம்தான் காட்டுகிறார்.