உளுந்துக்குள் ஒரு குறுக்குப்பாதை

ஐப்பசி மழையை நம்பி மானாவாரிக் கரிசலில் விதைத்து, தையை ஒட்டிக் களத்துக்கு வந்துசேரும் உளுந்தைத் திருநெல்வேலிச் சீமையில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தோலோடு பொங்கி எள்ளுத் துவையலுடன் உண்ணும் உளுந்தம்பருப்புச் சோற்றையும், கருப்பட்டி சேர்த்துக் கிண்டும் உளுந்தங்களியையும் சத்தானவை என்று எல்லோரும் சொல்கிறார்கள். விதையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இருக்கும் அந்தப் புரதம் செல்லுக்குள் எங்கே உருவாகி எவ்வழியாக எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் கேட்பவர்கள் குறைவு. தாவர செல்லில் புரதங்கள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நகரும் விதத்தைக் கற்பிக்கும்போது நாம் வழக்கமாக விலங்கு செல்லின் படத்தையே சிறிது மாற்றி வரைந்து காட்டுகிறோம். அந்தப் படம் போதாது என்பதற்கு உளுந்தைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் பொதுவான வழியைச் சொல்லிவிடுகிறேன். செல்லை விட்டு வெளியேற வேண்டிய புரதமும், செல்லுக்குள் நீரும் சேமிப்புப் பொருள்களும் நிறைந்த பெரிய அறையான வாக்குவோலுக்குப் போக வேண்டிய புரதமும் தம் முனையில் ஒரு சிறிய அமினோ அமிலத் தொடருடன் பிறக்கின்றன. அந்தத் தொடரே அவற்றைச் செல்லுக்குள் பரவிக் கிடக்கும் சவ்வுப் பின்னலான எண்டோபிளாச வலைக்குள் இழுத்துச் செல்கிறது. இதைக் கண்டறிந்த குந்தர் புளோபெலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது. வலையிலிருந்து சிறு பைகளாகப் பிரிந்து கோல்கை உறுப்பை அடையும் புரதம், அங்கே தரம் பிரிக்கப்பட்டு அடுத்த இடத்துக்குப் போகிறது. வாக்குவோலுக்குப் போக வேண்டியதில் அதற்கென ஓர் அடையாளம் இருக்கும்: சீனிக்கிழங்கின் சேமிப்புப் புரதமான ஸ்போராமினில் அது அஸ்பரஜின், புரோலின், ஐசோலியூசின், ஆர்ஜினின் என்ற நான்கே அமினோ அமிலங்கள்தாம். விலங்கு செல்லில் பெரும்பாலும் உட்கருவுக்கு அருகே ஒன்றாகத் திரண்டிருக்கும் கோல்கை, தாவர செல்லில் தனித்தனி அடுக்குகளாகச் சிதறி, ஆக்டின் என்ற புரத இழைகளைப் பற்றிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. வாய்க்காலில் எடுத்த ஹைட்ரில்லா இலையை நுண்ணோக்கியில் வைத்தால், பசுங்கணிகங்கள் செல்லின் ஓரமாகச் சுற்றிவருவதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே காணலாம். கோல்கை அடுக்குகள் அந்த நுண்ணோக்கியில் தெரியமாட்டா என்றாலும், அவற்றை நகர்த்துவதும் ஆக்டினும் அதன்மேல் நகரும் மயோசின் என்ற புரதமும் சேர்ந்த அதே ஏற்பாடுதான்.

இனி அடையாளங்களிலேயே மிகவும் புகழ்பெற்றதைப் பார்ப்போம். லைசின், அஸ்பார்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், லியூசின் என்ற வரிசை ஒரு புரதத்தின் கடைசி முனையில் இருந்தால், அந்தப் புரதம் எண்டோபிளாச வலைக்கே உரியது. தவறிக் கோல்கை வரை போய்விட்டாலும், அங்குள்ள ஓர் ஏற்பி அந்த வாலைப் பற்றி, மேயப் போன மாட்டைத் தொழுவத்துக்கு ஓட்டி வருவதுபோல, வலைக்குத் திருப்பி அனுப்பிவிடும். 1987இல் மன்ரோவும் பெல்ஹாமும் விலங்கு செல்களில் நிறுவிய இந்த விதி தாவரத்துக்கும் பொருந்துகிறது. எந்தத் தேர்விலும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கலாம்.

உளுந்து முளைக்கும்போது இந்த விதி எதிர்பாராத இடத்துக்குப் போகிறது. விதை முற்றும் காலத்தில் விதையிலைகளின் செல்களில், சேமிப்பு வாக்குவோல்களுக்குள் குளோபுலின் புரதங்கள் அடைக்கப்பட்டிருக்கின்றன. முளைவிட்டபின் அவற்றை உடைத்து, வளரும் குருத்துக்கு அமினோ அமிலங்களாகக் கொடுத்தாக வேண்டும். உடைக்கும் நொதியோ வாக்குவோலில் முன்கூட்டியே இருப்பதில்லை. முளைத்த சில நாட்களில் புதிதாகத் தயாராகிறது. அதன் வால் முனையில் இருப்பது, வலையை விட்டு வெளியேறாதே என்று கட்டளையிடும் அதே நான்கு அமினோ அமிலங்கள்! வாக்குவோலில் வேலை செய்ய வேண்டிய நொதிக்கு இந்த வால் எதற்கு?

டொயூக்கா, ஒகமோட்டோ, மினமிகாவா ஆகிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. அந்த நொதியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளில் பொன் துகள்களை ஒட்டி, முளைத்த உளுந்தின் விதையிலைச் சீவலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, பொன்னின் கறுப்புப் புள்ளிகள் 200 முதல் 500 நானோமீட்டர் வரை விட்டமுள்ள பைகளுக்குள் நெருக்கமாகக் குவிந்திருந்தன. வால் நொதியை வலையில் தடுத்து நிறுத்துகிறது. நின்ற நொதி பெருகித் திரள்கிறது. திரண்டது வலையிலிருந்தே பெரிய பையாகப் பிரிந்து, கோல்கைப் பக்கம் போகாமல் நேரே சேமிப்பு வாக்குவோலுடன் கலக்கிறது. பைக்குள் இருக்கும்வரை நொதி 43 கிலோடால்டன் (புரத மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு) எடையுள்ள, செயலற்ற முன்வடிவமாகவே இருக்கும். வாக்குவோலை அடைந்தபின் வெட்டப்பட்டு, 33 கிலோடால்டன் எடையுள்ள செயல்படும் நொதியாகிறது. பின்னர் இதே நொதியின் வாலை நீக்கி வேறு தாவர செல்களில் உருவாக்கிப் பார்த்தபோது அத்தகைய பைகள் தோன்றவில்லை. நொதியில் ஒரு பகுதி செல்லுக்கு வெளியே கசிந்தது. தடுக்கும் வாலே இங்கே அனுப்பும் வாலாகவும் இருக்கிறது. விதியை மீறாமலேயே விதியிலிருந்து வேறொரு பயனைப் பெற்றுக்கொள்ளும் இத்தகைய இடங்களுக்காகவே செல்லியலைப் படிக்கலாம் என்பது என் கருத்து.

வேலியோரத்து ஆமணக்கிலும் இதே வாலுடைய நொதி இருக்கிறது. ஆனால் அங்கே அதைச் சுமக்கும் பைகள் எந்த வாக்குவோலையும் தேடிப் போவதில்லை. சேமித்ததையெல்லாம் கொடுத்து முடித்த முளைசூழ்தசைச் செல் மடியும் வரை காத்திருந்து, கடைசியில் வெடித்துச் செல்லின் எஞ்சிய உள்ளடக்கத்தைக் கரைக்கின்றன.

இட்லிக்கு உளுந்தோடு சேரும் அரிசியின் கதையும் தனி. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.எஸ்.டி. 16 ஆனாலும் வேறெந்த நெல்லானாலும், அதன் முளைசூழ்தசையில் புரோலமின் என்ற சேமிப்புப் புரதம் எண்டோபிளாச வலைக்குள்ளேயே உருண்டையாகத் தங்கிவிடுகிறது. குளூட்டெலின் என்ற இன்னொரு சேமிப்புப் புரதம் கோல்கை வழியாகச் சேமிப்பு வாக்குவோலுக்குப் போகிறது. இந்தப் பிரிவினை புரதம் உருவாகும் முன்பே தொடங்கிவிடுகிறது, ஏனெனில் இரண்டுக்குமான செய்முறையைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.க்களும் வலையின் வெவ்வேறு பகுதிகளில் கொண்டுபோய் வைக்கப்படுகின்றன. குளூட்டெலின் நமக்கு எளிதில் செரிக்கிறது. புரோலமின் உருண்டைகள் எளிதில் செரிப்பதில்லை.

மாவுக்கு ஊறவைத்த உளுந்திலும் அந்தக் குறுக்குப்பாதை திறந்துவிடுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. திறக்காது. சில மணி நேரத்தில் விதை நீரை உறிஞ்சிப் பருக்கிறதே தவிர, நொதி திரண்டு பைகளாகப் பிரியும் அளவுக்குக் காலம் போதாது. தோல் நீக்கி உடைத்த பருப்பிலோ முளைக்கருவே பெரும்பாலும் உதிர்ந்து போயிருக்கும். மாவு நுரைத்துப் பொங்குவதற்குக் காரணமான குளோபுலின், அரபினோகேலக்டன் என்ற பிசுபிசுப்பான சர்க்கரைச் சேர்மத்தின் துணையுடன், ஆட்டுரலுக்குப் போகும்வரை சிதையாமல் இருக்கிறது. அறுவடை நேரத்தில் மழை பிடித்து நெற்றிலேயே முளைவிட்ட உளுந்துக்குத்தான் இந்தப் பாதுகாப்பு இல்லை: அதில் நொதிப் பைகள் புறப்பட்டு, குளோபுலினைச் செரிக்கத் தொடங்கியிருக்கும்.