குதிரை முட்டை பார்க்கப் போன கதை

பூடானில் பாரோ அருங்காட்சியகத்தில் ஒரு குதிரை முட்டை இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பித்தான் 2010ல் குடும்பத்தோடு கிளம்பினேன். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கிவந்து ஏமாந்த சீடர்கள் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். நிஜமாகவே ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது என்றால் சும்மா இருக்க முடியுமா? கூட மனைவி, மாமனார், மாமியார். மாமா 36 வருடம் தபால் துறையில் குப்பை கொட்டி, போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

அருங்காட்சியகம் இருந்தது தா ட்சோங் என்ற பழைய காவல் கோபுரத்தில். கீழே உள்ள ரின்புங் கோட்டைக்குக் காவலாக 1649ல் கட்டியது. 1968ல் அருங்காட்சியகமாக மாறியது. சங்கு வடிவத்தில் கட்டியதாகச் சொல்கிறார்கள். பாரோ ஏறக்குறைய ஊட்டி உயரம்தான் என்றாலும் அந்த மேட்டில் ஏறும்போது மாமாவுக்கு மூச்சு வாங்கியது. "சங்குதான் மாப்பிள்ளை. எனக்கு ஊதத்தான் கட்டி வெச்சிருக்காங்க" என்றார்.

வாசலிலேயே கேமரா, கைபேசி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே சாமி உருவங்கள் இருப்பதால் எங்கும் வலமாகத்தான் சுற்றிப் போகவேண்டும், எதிர்த்திசையில் திரும்பி வரக்கூடாது. கோயில் பிராகாரம் சுற்றிப் பழகிய நமக்கு இது ஒரு விஷயமா என்று நினைத்தேன்.

சுவர்கள் இரண்டரை மீட்டர் கனம். பூடானின் முதல் மன்னர் உக்யென் வாங்சுக்கையே, மன்னராவதற்கு முன்பு, 1872ல் இங்கே அடைத்து வைத்திருந்தார்களாம். அவர் எப்படியோ வெளியே வந்துவிட்டார். மாமாவைத்தான் தபால்தலைக் கூடத்திலிருந்து வெளியே கொண்டுவர முடியவில்லை.

பூடான்காரர்கள் தபால்தலையில் செய்யாத சேட்டை இல்லை. மெல்லிய எஃகுத் தகட்டில் ஒன்று, பட்டுத் துணியில் ஒன்று, ரோஜா வாசனையோடு ஒன்று. 1972ல் வெளியிட்டதோ குட்டி இசைத்தட்டு. கிராமபோனில் வைத்தால் நாட்டுப்பாடல் பாடும், தேசிய கீதம் பாடும், பூடான் வரலாறும் சொல்லும். பின்பக்கத் தாளை உரித்து உறையில் ஒட்டி அனுப்பவும் செய்யலாம். பர்ட் டாட் என்ற அமெரிக்கரின் யோசனை.

மாமாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"எஃகு மேல எப்படிய்யா முத்திரை குத்துவான்? டங்குனு சத்தம்தான் வரும், மை ஒட்டுமா?"

"மாமா, அது சேகரிக்கிறவங்களுக்காக..."

"வாசனை வேறயாம்! தபால் பையில கருவாட்டுப் பார்சல் பக்கத்துல வெச்சா இந்த ரோஜா என்ன கதியாகும்?"

திட்டிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். படம் எடுக்க முடியாதல்லவா, ஒவ்வொன்றையும் எழுத ஆரம்பித்தார். அடுத்த அறைக்கு இழுத்துப் போன பிறகு, இசைத்தட்டின் விலையைக் குறிக்க மறந்துவிட்டேன் என்று திரும்பி நடந்தார். காவலர் சிரித்தபடி குறுக்கே வந்து விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். சரி என்று முழுச் சுற்று சுற்றி வந்தார். அப்புறம் வருடம் எழுதவில்லை என்று இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்று எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டி முன்னால் அவர் கண்ணை மூடி நின்றதைப் பார்த்து அந்தக் காவலரும் பவ்யமாகத் தலை குனிந்தார். பிறகு விசாரித்ததில், மாமா அப்போது மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாராம்.

அடுத்த வருடம் செப்டம்பரில் வந்த நிலநடுக்கத்தில் அந்தக் கோபுரம் சேதமாகி, காட்சிப் பொருள்களைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பழுது பார்த்துக் கோபுரத்தை மறுபடி திறக்க 2020 ஆயிற்று. மாமா சுற்றிய சுற்றில்தான் கோபுரம் ஆடிப்போனது என்று எங்கள் வீட்டில் பேச்சு.

அன்று வெளியே வந்து கைபேசியை வாங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஐயோ, குதிரை முட்டை!"

"நான் பார்த்தேனே" என்றார் அத்தை.

"எப்படி இருந்துச்சு அத்தை?"

"முட்டை மாதிரிதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைச் சரிசெய்துகொண்டு காரைப் பார்க்க நடந்தார்.