மீடியன் தடையை நீட்டிப்பதற்கு முன் தீர்மானத்தில் எழுத வேண்டியவை

சாலை நடுவே புதிதாக சென்டர் மீடியன் கட்டக் கூடாது என்று நகர மன்றம் ஆறு மாதத்துக்குத் தடை போடுகிறது. ஆறாவது மாதம் நெருங்கும்போது மன்றத்தின் முன் வருவது பல சமயம் ஒற்றை வரித் தீர்மானம்தான்: பழைய தேதியை அடித்துவிட்டுப் புதுத் தேதி. அப்படி வந்தால் அதை எதிர்த்து வாக்களிப்பதே சரி என்பேன். தடை தவறு என்பதல்ல காரணம். முதல் ஆறு மாதத்தில் எதை அளந்தார்கள், அடுத்த ஆறு மாதத்தில் எதை அளக்கப் போகிறார்கள் என்பது எழுத்தில் இல்லையென்றால், அடுத்த கெடு வரும்போதும் மன்றம் இதே இடத்தில்தான் நிற்கும். மீடியன் வேண்டும் என்பவருக்கும் பதில் இருக்காது, வேண்டாம் என்பவருக்கும் இருக்காது.

முதலில் தேதிக் கணக்கு. காலாவதியான தடையை நீட்டிக்க முடியாது. புதிதாகத்தான் போட வேண்டும். இடையில் பத்து நாள் இடைவெளி விழுந்தாலும், அந்தப் பத்து நாளில் கையெழுத்தான வேலை உத்தரவு செல்லுபடியாகும். பிறகு அதை நிறுத்தினால் ஒப்பந்தக்காரர் நஷ்டஈடு கேட்பார். அதனால் கெடு தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்: பொது அறிவிப்புக்கு எத்தனை நாள், குழுப் பரிசீலனைக்கு எத்தனை நாள், வாக்கெடுப்பு எந்தக் கூட்டத்தில் என்று. கலிஃபோர்னியாவில் நிலப் பயன்பாடு தொடர்பான இடைக்காலத் தடைகளுக்கு ஒரு சட்ட வடிவம் இருக்கிறது. முதல் தடை 45 நாள். நீட்டிப்பு 10 மாதம் 15 நாள். அதன் பிறகு இன்னும் ஓராண்டு, அத்தோடு முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் நான்கு பங்கு வாக்கு தேவை. தடை முடிய 10 நாள் இருக்கும்போது, தடைக்குக் காரணமான சிக்கலைத் தீர்க்க இதுவரை என்ன செய்தோம் என்று மன்றம் எழுத்தில் அறிக்கை வெளியிட வேண்டும். சாலைப் பணிக்கு அந்தச் சட்டம் அப்படியே பொருந்தாது. ஆனால் அந்த அறிக்கை நிபந்தனையை மட்டும் எந்த ஊரும் தன் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

அடுத்தது, "மீடியன்" என்றால் என்ன? இதை வரையறுக்காத தடை ஓட்டைக் குடம். கெர்ப் கல் (உயர்த்திய விளிம்புக் கல்) வைத்துக் கட்டுவது மீடியன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வரிசையாக இறக்கி வைக்கும் கான்கிரீட் தடுப்புக் கட்டைகள்? போல்ட் அடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கம்பங்கள்? வெறும் பெயின்ட் கோடு? தண்ணீர்க் குழாய் உடைந்து பழைய மீடியனைத் தோண்டிவிட்டுத் திரும்பக் கட்டினால் அது புதுக் கட்டுமானமா, பழுதுபார்ப்பா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் களத்தில் இருக்கும் பொறியாளரே விடை சொல்ல நேர்ந்தால், தெருவுக்கு ஒரு விடை வரும். நான் பரிந்துரைப்பது உயரத்தை வைத்த வரையறை: சாலைப் பரப்பிலிருந்து 25 மி.மீ.க்கு மேல் எழுந்து, எதிரெதிர்த் தடங்களைப் பிரித்து, நிலையாகப் பொருத்தப்பட்ட எதுவும் மீடியன். ஒளிரும் சாலைப் பொத்தான்களும் பெயின்டும் வெளியே நின்றுவிடும். கழற்றக்கூடிய கம்பங்களைச் சோதனைக்காக மட்டும், நாள் குறித்து அனுமதிக்கலாம். பழுதுபார்ப்பு என்றால் அதே நீளம், அதே அகலம், அதே உயரம். ஒரு மீட்டர் நீண்டாலும் புதுப் பணி.

பாதசாரிகளுக்கான நடுத்திட்டைத் தடையிலிருந்து விலக்கியே ஆக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஜீப்ரா கிராசிங் இருக்கும் இடத்தில் உயர்த்திய மீடியன் இருந்தால் பாதசாரி விபத்துகள் 46 சதவீதம் குறைகின்றன என்றும், பாதசாரித் திட்டு இருந்தால் 56 சதவீதம் குறைகின்றன என்றும் அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் கணக்குச் சொல்கிறது. காரணம் எளிது. நொடிக்கு 1.07 மீட்டர் நடப்பவர் 15 மீட்டர் சாலையை ஒரே மூச்சில் கடக்க 14 நொடி வேண்டும். இரு திசையிலும் 14 நொடி காலியாக இருக்கும் தருணம் பரபரப்பான சாலையில் கிடைப்பதே இல்லை. நடுவில் திட்டு இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்து, ஆறு ஏழு நொடியில் கடந்துவிடலாம். ஆனால் விலக்கு என்று சொல்லி 60 செ.மீ. அகலக் கல்வரிசையைக் கட்டிவிட்டால் பயனில்லை. நடக்கும் திசையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். பார்வையற்றோருக்கான புள்ளித் தரை இரு பக்கமும் 60 செ.மீ., நடுவில் வெறும் தரை 60 செ.மீ. என்று கூட்டினால் அதுதான் வருகிறது. தள்ளுவண்டியில் குழந்தையோடு நிற்பவரின் சக்கரம் சாலைக்குள் நீளாமலிருக்கவும் அந்த அகலம் தேவை. நடைவழி சாலை மட்டத்திலேயே வெட்டியிருக்க வேண்டும். விலக்குப் பெறும் திட்டுக்கு அதிகபட்ச நீளத்தையும் குறித்துவிடுங்கள். இல்லையேல் பாதசாரித் திட்டு என்ற பெயரில் 200 மீட்டர் மீடியன் முளைக்கும்.

தடை வந்த நாளில் பாதியில் நின்றுபோன பணிகள்தான் உடனடி ஆபத்து. முன்முனை கட்டாத கெர்ப் கல், மண் நிரப்பாத பள்ளம், வளைவில் சட்டென்று தொடங்கும் கான்கிரீட். இரவில் வரும் வண்டிக்கு இவை தெரியாது. நீட்டிப்புத் தீர்மானத்திலேயே இவற்றுக்கு இரண்டில் ஒரு வழி சொல்ல வேண்டும்: அருகிலுள்ள அடுத்த திறப்பு (வண்டிகள் திரும்புவதற்காக மீடியனில் விடும் இடைவெளி) வரை கட்டி முடிப்பது, அல்லது பெயர்த்து எடுத்துத் தார் போடுவது. அதுவரை முனைக்கு முன்னால் பெயின்ட் கோட்டால் வண்டிகளை மெல்ல விலக்கிக் கொண்டுபோக வேண்டும். அதன் நீளத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு: விலக வேண்டிய அகலத்தை (மீட்டரில்) வேகத்தின் (மணிக்குக் கி.மீ.) இருபடியால் பெருக்கி 155ஆல் வகுப்பது. மணிக்கு 60 கி.மீ. வரைக்கும் இது பொருந்தும். 1.5 மீட்டர் விலக வேண்டும், வேகம் 50 என்றால் 24 மீட்டர் வருகிறது. நான்கு மீட்டர் கோடு போட்டு ஒரு எச்சரிக்கை டிரம்மை நிறுத்திவைத்தால், டிரம்தான் முதலில் அடிபடும். அதற்குப் பிறகு எச்சரிக்க ஒன்றும் இருக்காது.

பெரும்பாலான ஊர்களில் தடை கேட்டு முதலில் குரல் எழுப்புவது தீயணைப்புத் துறையும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மீடியன் இல்லாத சாலையில் எதிரே வருபவர் ஒதுங்கினால் வண்டி எதிர்த்தடத்தில் ஏறிப் போய்விடும். மீடியன் வந்த பிறகு ஒரு பக்கத்தில் கிடைப்பது எவ்வளவோ அவ்வளவுதான். சர்வதேச தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பு தீயணைப்பு வண்டிப் பாதைக்குக் கேட்பது தடையற்ற 6.1 மீட்டர், ஏணி வண்டி நின்று வேலை செய்ய 7.9 மீட்டர். ஒரு பக்கம் 5.5 மீட்டர் மட்டுமே மிஞ்சும் சாலையில், ஓரத்தில் ஒரு லாரி நின்று சரக்கு இறக்கினால் மூன்றரை மீட்டர்கூட இருக்காது. அதற்குள் ஒரு கார் நின்றுவிட்டால் பின்னால் சைரன் அலறுவதுதான் மிச்சம்.

இதற்கு மாற்று உண்டு. செங்குத்தான 150 மி.மீ. கெர்ப்புக்குப் பதில் 100 மி.மீ.க்கு மிகாத சரிவுக் கெர்ப். சக்கரம் ஏறும், சாதாரண ஓட்டுநர் ஏறத் தயங்குவார். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கெர்ப்பை மட்டும் சரிவாக வைத்துவிட்டு உள்ளே தோட்ட மண்ணை நிரப்புவது. அந்தத் தீ விதித்தொகுப்பின் பின்னிணைப்பு வண்டிப் பாதைக்குக் கேட்கும் தாங்குதிறன் 34 டன். அந்த எடை ஈர மண்ணில் ஏறினால் அச்சு வரை புதைந்து நிற்கும். மணல் படுகையில் பதித்த கற்களும் சில தடவையிலேயே சரிந்துவிடும். ஏறிக் கடக்க வேண்டிய பகுதியில் அடியில் சாலைக்கு இணையான அடித்தளம் வேண்டும். இது செலவு கூட்டும் விஷயம். அதனாலேயே வரைபடத்தில் இருந்து கட்டும்போது காணாமல் போகும். ஆகவே குறுக்குவெட்டு வரைபடத்தைத் தீர்மானத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.

கடைக்காரர்களின் புகார் வேறு: எதிர்த்தடத்தைக் கடந்து கடைக்குள் திரும்ப முடியவில்லை. மூன்று முனைச் சந்திப்பில் வண்டிப் பாதைகள் மோதக்கூடிய புள்ளிகள் 9. நடுவே மூடினால் 2. மீடியனின் பாதுகாப்பு அங்கிருந்துதான் வருகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் திரும்ப வேண்டியவர் திரும்பாமல் இருக்கப் போவதில்லை. அடுத்த திறப்புக்குப் போய் யு-டர்ன் அடிப்பார். அங்கே இடம் இருக்கிறதா? அமெரிக்க வடிவமைப்பு அளவில் காரின் திரும்பு ஆரம் 7.3 மீட்டர், அதாவது குறுக்கே 14.6 மீட்டர் வேண்டும். மீடியன் ஓரத் தடத்தில் நிற்கும் காரின் வெளிச்சக்கரம் மீடியனிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி இருக்கிறது, மீடியன் 1.2, எதிரே இரண்டு தடம் 6.6. மொத்தம் 10.3 மீட்டர். சின்னக் கார் உரசிக்கொண்டு திரும்பும், பெரிய கார் பின்னால் எடுத்து முன்னால் எடுத்துத் திரும்பும், 12.8 மீட்டர் ஆரம் கொண்ட பேருந்து திரும்பவே திரும்பாது. மூடிய சந்திப்பின் மோதல் இந்தத் திறப்புக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. எதிர்ப்புறச் சாலை ஓரத்தைத் திறப்புக்கு நேரே குடைந்து அகலப்படுத்தினால்தான் கணக்குத் தீரும்.

இனி அளவீடு. ஆறு மாத நீட்டிப்பில் விபத்து எண்ணிக்கையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஒரு சந்திப்பில் போன வருடம் ஆறு விபத்து, இந்த வருடம் மூன்று என்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம். மோசமான வருடத்துக்குப் பின் எண்ணிக்கை தானாகவே சராசரியை நோக்கி இறங்கும். மூன்று ஆண்டுத் தரவாவது வேண்டும். குறுகிய காலத்தில் அளக்கத் தக்கவை வேறு: நூற்றில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன, யு-டர்ன் வரிசை எத்தனை மீட்டர் நீள்கிறது, திரும்பக் காத்திருக்கும் வரிசை நேர்த்தடத்தை எத்தனை முறை அடைக்கிறது, பாதசாரி எத்தனை நொடி நிற்கிறார், அவசர வண்டி குறிப்பிட்ட இரு புள்ளிகளுக்கிடையே எத்தனை நிமிடம் எடுக்கிறது. இவற்றைச் சோதனைக் கம்பம் நடுவதற்கு முன் இரண்டு வாரம், நட்டுப் பழகிய பின் இரண்டு வாரம், அதே கிழமை, அதே நேரத்தில் எடுக்க வேண்டும். பள்ளி விடுமுறை வாரத்தில் எடுத்த "முன்" அளவை வைத்து முடிவெடுப்பது எண்களால் பொய் சொல்வதற்குச் சமம். கம்பம் நட்ட முதல் இரண்டு மூன்று வாரங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓட்டுநர்கள் தடுமாறும் காலம் அது.

செடியும் நீரும் சிறு விஷயமாகத் தெரியும். திறப்புகளுக்கு அருகில் 60 செ.மீ.க்கு மேல் வளரும் செடி கூடாது. ஓட்டுநரின் கண் மட்டம் 1.08 மீட்டர் என்றுதான் கணக்கு, வளர்ந்த புதர் கடக்கக் காத்திருக்கும் குழந்தையை முழுதாக மறைத்துவிடும். வளைவில் சாலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மேட்டுப் பக்க மழைநீர் மீடியனில் முட்டி அங்கேயே தேங்கும், அதுவும் வேகமான உள்தடத்தில். வடிகால் துளை அல்லது நீர்வாங்கித் தொட்டி வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, தடை எப்போது முடியும் என்பதை ஊர் முழுவதற்கும் ஒரே தேதியாக வைக்காமல் சாலைவாரியாக அட்டவணையில் வையுங்கள். ஒவ்வொரு சாலைக்கும் மேலே சொன்ன அளவுகள், தீயணைப்புத் துறையின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், யு-டர்ன் இடத்தின் அளவு, குறுக்குவெட்டு வரைபடம். நான்கும் வந்த சாலைக்குத் தடை அன்றே நீங்கும். வராத சாலைக்கு, எது வரவில்லை, யார் கொடுக்க வேண்டும் என்று அட்டவணையில் பதிவாகும். அடுத்த நீட்டிப்புக் கூட்டத்தில் முதலில் வாசிக்க வேண்டியது அந்தப் பதிவைத்தான்.