பதினெட்டால் பெருக்கிய நாட்கள்

கனடாவின் ஸ்கார்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். மாலையில் பணி மாறும் நேரத்தில் செவிலியர் ஒருவர், "கடைசி அறைப் பாட்டிக்குச் சர்க்கரை 22" என்றார். எனக்குக் கை கால் சில்லிட்டுவிட்டது. மதுரையில் ஒன்பது ஆண்டுகள் வார்டில் நின்றவள் நான். அங்கே சர்க்கரை 22 என்றால் நோயாளி நினைவிழந்து வலிப்பில் கிடப்பார். பழச்சாறு எடுக்கத் திரும்பினேன். அவரோ நிதானமாக இன்சுலினுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

கனடாவில் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்கிறார்கள். 22ஐ 18ஆல் பெருக்கினால் நம் ஊர் மில்லிகிராம் கணக்கு வரும்: 396. ஏற்கெனவே எகிறி நின்ற சர்க்கரைக்கு மேல் நான் பழச்சாறு ஊட்டியிருப்பேன். அன்றிரவு பஸ்ஸில் வீடு திரும்பும்போது, தேர்வுக்கு எங்கிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

இந்த ஊர் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பதிவுபெற்ற செவிலியராக வேண்டுமானால் என்க்ளெக்ஸ் தேர்வு எழுத வேண்டும். அமெரிக்காவுக்காக உருவான தேர்வு. 2015 முதல் இங்கும் அதுதான். கணினி ஒவ்வொரு விடையையும் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். சரியாகச் சொன்னால் கேள்வி கடினமாகும். குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. 2023 ஏப்ரலில் வடிவம் மாறியது. ஒரே நோயாளியின் கதையைக் கொடுத்து, அதிலிருந்து ஆறு கேள்விகள் கேட்கும் பகுதியும் சேர்ந்தது. தேறும்வரை பராமரிப்பு உதவியாளர் வேலை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது. வேலையில் எனக்குக் குறையில்லை. ஆனால் கண்முன் ஒருவருக்கு மூச்சு மாறுவது தெரிந்தும் அடுத்தவரைக் கூப்பிட மட்டுமே முடியும் என்பது மனத்தை அறுத்தது.

முதல் மாதம் மருந்துப் பெயர்களோடும் அளவுகளோடும் போனது. பாராசிட்டமால் இங்கே அசிட்டமினோஃபென். அட்ரினலின் எபிநெஃப்ரின் ஆகிவிட்டது, பெத்திடின் மெப்பெரிடின். 12 என்று சொல்லிப் பழகிய ஹீமோகுளோபினை 120 என்கிறார்கள், லிட்டர் கணக்கு. காய்ச்சலை 101 என்று சொன்னால் யாருக்கும் புரிவதில்லை, 38.3 என்றால்தான் தலை திரும்புகிறது. சமையலறைச் சுவரில் இவற்றை எழுதி ஒட்டினேன். மூன்று வாரத்தில் பழகிவிட்டது.

பழகாதது வேறு. ஒரு மாதிரிக் கேள்வி இப்படி இருந்தது. நான்கு நோயாளிகள், யாரை முதலில் பார்ப்பீர்கள்? ஒருவருக்குச் சர்க்கரை, நம் ஊர்க் கணக்கில், 240. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ள இன்னொருவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதம். முழங்கால் அறுவை முடிந்த ஒருவர் வலிக்கிறது என்கிறார். குடல்வால் அழற்சியோடு அறுவைக்குக் காத்திருக்கும் இளைஞன், வலி திடீரென நின்றுவிட்டது என்கிறான். நான் ஆக்சிஜன் 90ஐத் தேர்ந்தெடுத்தேன். மூச்சுதானே முதலில் என்று நினைத்தேன். தவறு. நாட்பட்ட அடைப்பு நோயாளிக்கு 88 முதல் 92 வரை எதிர்பார்க்கக்கூடியதுதான். முதலில் ஓட வேண்டியது வலி நின்றுபோனவனிடம். குடல்வால் வெடித்திருக்கக்கூடும்.

புத்தகத்தை மூடிவைத்து அழுதேன். இது எனக்குத் தெரியாத பாடம் இல்லை என்பதால்தான் அந்த அழுகை.

மதுரையில் நான் புதிதாய்ச் சேர்ந்த காலம். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தான். விடியற்காலையில், "அம்மா, வலி போயிடுச்சு" என்று அமைதியாகப் படுத்தான். அவன் அம்மா, மீனாட்சி கண் திறந்துவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் நிம்மதிதான். எங்கள் பெரிய சிஸ்டர் மட்டும் கட்டிலருகே போய், வயிற்றில் கைவைத்துப் பார்த்தார். பலகைபோல் விறைத்திருந்தது. நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் பேசாமல் போனை எடுத்து அறுவை மருத்துவரை எழுப்பினார். பையன் பிழைத்தான்.

அன்று அவர் செய்ததற்குத்தான் இந்தத் தேர்வு ஆறு படிகளை வகுத்து வைத்திருக்கிறது. கண்ணில் பட்ட குறிகளைப் பிடிப்பது, அவற்றுக்குப் பொருள் காண்பது, எது முதன்மை என்று முடிவு செய்வது, என்ன செய்யலாம் என்று யோசிப்பது, செய்வது, பலன் கிடைத்ததா என்று திரும்பிப் பார்ப்பது. பெரிய சிஸ்டர் எங்களுக்கு இதை வாயால் சொல்லித்தரவில்லை. வார்டில் கூட்டம் அப்படி. மருத்துவர் எழுதியதைச் செய்து முடிக்கவே பொழுது போதாது. ஆனால் அவர் பின்னாலேயே நடந்தோம், பார்த்தோம்.

அதன்பிறகு படிக்கும் முறையை மாற்றினேன். ஒவ்வொரு பாடத்துக்கும் நான் பார்த்த ஒரு மனிதரைத் தேடினேன். பொட்டாசியம் என்றால் சிறுநீரக வார்டு வாசல். பார்க்க வரும் உறவினர்கள் அன்போடு இளநீர் கொண்டுவருவார்கள். பெரிய சிஸ்டர் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, இதயத்துடிப்பு தடுமாறும். அந்த வாசலை நினைத்துக்கொண்டால் மற்றவை தானாக வந்தன. இயல்பளவு 3.5 முதல் 5 வரை. சிறுநீர் போகிறதா என்று பார்க்காமல் பொட்டாசியம் ஏற்றக் கூடாது. ஊசியில் நேராக ரத்தக் குழாய்க்குள் ஒருபோதும் செலுத்தக் கூடாது. பொட்டாசியம் குறைந்திருக்கும்போது டிகாக்சின் என்ற இதய மருந்து நஞ்சாகும். நோயாளிக்குக் குமட்டும், விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும். பட்டியலாகப் படித்தபோது மூன்று முறை மறந்த பாடம் இது.

எங்கள் பேஸ்மென்ட்டுக்கு மேல்வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து அக்காவுக்கு நீரிழிவு. "பிள்ளை, தேத்தண்ணி குடித்துவிட்டுப் படி" என்று கோப்பையோடு இறங்கி வருவார். அவருக்கே பாடம் நடத்தினேன். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, நகத்தை நேராக வெட்ட வேண்டும், பாதத்துக்குக் கிரீம் பூசலாம் ஆனால் விரல் இடுக்கில் பூசக் கூடாது. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். தலையாட்டினால் போதாது, நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும், தன் கையால் செய்துகாட்ட வேண்டும் என்பதும் பாடத்தில் இருக்கிறது. அக்கா முகம் சுளிக்காமல் சொல்லிக் காட்டினார்.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது பேச்சு. நோயாளி பயந்தால் என்ன சொல்வீர்கள் என்ற கேள்வியில், "கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்பது எப்போதும் தவறான விடை. நம் ஊரில் செவிலியர் வாயில் முதலில் வருவதே அதுதான். "ஏன்" என்று தொடங்கும் கேள்வியும் கூடாது. குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்குமாம். "ஏன் சாப்பிடவில்லை?" என்பது தமிழில் எவ்வளவு அக்கறையான கேள்வி! பல நாள் இதை மனம் ஏற்கவில்லை. பிறகு ஒரு நாள் இல்லத்தில் ஒரு முதியவர் என் கையைப் பிடித்து, "நான் சாகப்போகிறேனா?" என்று கேட்டார். வாய்வரை வந்த ஆறுதலை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். "எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?" என்றேன். தன் மகளிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். மதுரையில் அப்படி எத்தனை பேச்சுகளை முடித்துவைத்தேனோ என்று இன்றும் வருந்துகிறேன்.

நோயின் பெயரை நோயாளியிடமே முதலில் சொல்ல வேண்டும், அவர் ஒப்பாமல் மகனிடம்கூடச் சொல்லக் கூடாது என்ற விதியும் அப்படித்தான். வராந்தாவில் மகனைத் தனியே கூப்பிட்டுச் சொல்வதைப் பார்த்துப் பழகியவள் நான். இதில் இந்த ஊர் முறைதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். உடம்பு அவருடையது.

பிப்ரவரிப் பனியில் தேர்வு எழுதினேன். 85ஆவது கேள்விக்குப் பின் திரை அணைந்தது. தேறிய செய்தி சில நாள் கழித்துத்தான் வந்தது. அன்று மாலை எனக்கு வழக்கமான வேலை. பணி மாறும் நேரத்தில் செவிலியர், "கடைசி அறைப் பாட்டிக்கு 7.2" என்றார். நல்ல அளவு என்று நினைத்துக்கொண்டே பாட்டியின் போர்வையை எடுக்கப் போனேன். பாதி வழியில்தான் உறைத்தது, பெருக்கிப் பார்க்கவே இல்லை.