நாகமரு பூக்கும் பத்தனையை விடவைத்த கதை

ஹப்புத்தளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஒரு பத்தனை, அதாவது மலைப் புல்வெளி, இருக்கிறது. அங்கே மானாப்புல்லுக்கு நடுவில் மஞ்சள் நிற ஆர்கிட் ஒன்று பூக்கும். சிங்களத்தில் நாகமரு, தாவரவியலில் இப்சியா ஸ்பெசியோசா. இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத செடி. அந்தச் சரிவில் பெக்டரி விறகுக்காக யூகலிப்டஸ் நடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நானும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பொடியன்கள் சிலரும் அதைத் தடுக்க இறங்கினோம்.

வாயால் சொன்னால் எடுபடாது என்பதால் முதலில் பூ, இலை, சுற்றியுள்ள புல் எல்லாவற்றையும் படமெடுத்துப் செடிகளை உலர்த்திச் சேர்த்து வைத்து அடையாளம் சொல்லும் பேராதனை தேசிய உலர்தாவரகத்துக்கு அனுப்பினோம். அது நாகமருதான் என்று பதில் வந்தது. இப்படிச் செய்பவர்கள் செடியைப் பிடுங்கி அனுப்பாதீர்கள், தெளிவான படமே போதும்.

அப்புறம்தான் அலைச்சல். காணி அரசாங்கத்துடையது, 1992 முதல் குத்தகைக்கு எடுத்து நடத்துவது கம்பனி. ஒரு அலுவலகத்தில் இது எங்கள் வேலையில்லை என்றார்கள், இன்னொன்றில் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆர்கிட் குடும்பம் முழுவதும் சைட்டீஸ் (CITES) என்ற சர்வதேச உடன்படிக்கைக்குள் வருகிறது என்பதைப் பெரிய பிடியாக நம்பியிருந்தோம். ஆனால் அது நாடு விட்டு நாடு போகும் வியாபாரத்தைத்தான் கட்டுப்படுத்தும், சரிவில் குழி வெட்டுவதைத் தடுக்காது.

கடைசியில் உதவியது பூக்கும் காலத்தில் தோட்டத்து மனேஜரான தொரையை நேரில் கூட்டிப்போனதுதான். "வேற எடத்துல நட்டுக்கலாமே மாஸ்டர்?" என்றுதான் அவரும் கேட்டார். எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆர்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே சேமித்த உணவு கிடையாது. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். கிழங்கை மாற்றி நடலாம், அந்த மண்ணை எப்படி மாற்றுவது? அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நாகமரு இருக்கும் மேல் பகுதியை விட்டுவிட்டுச் சரிவின் கீழே மட்டும் யூகலிப்டஸ் நடச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நெருப்பும் ஒரு பிரச்சினை. மாட்டுக்கு இளம்புல் வரட்டும் என்று வெயில் காலத்தில் பத்தனைக்குத் தீ வைப்பது இங்கே பழக்கம். கிழங்கு மண்ணுக்குள் தப்பினாலும் பூவும் காயும் கருகினால் விதை விழாது. அதனால் தீ தாண்டி வராதபடி அந்தப் பகுதியைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக விட்டோம். மாடு வளர்க்கும் அண்ணன்மாரே வந்து கைகொடுத்தார்கள்.

கிழங்கு தோண்டுபவர்களைத்தான் இன்னும் நிறுத்த முடியவில்லை. வசியத்துக்கும் ஆண்மைக்கும் என்று நல்ல விலை கிடைக்கிறது. கிழங்கு போனால் செடியே போயிற்று. அதனால் இடத்தின் பெயரையும் படத்தையும் பேஸ்புக்கில் போட வேண்டாம் என்று பொடியன்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். தொரைமார் மாறிக்கொண்டே இருப்பார்கள், அந்த அனுமதியை எழுத்தில் தரும்படி கம்பனியிடம் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.