அட்டைகள் தீர்வதற்குள்

2 ஜூன் 2024, ஞாயிறு

‘குளூம்ஹேவன்: ஜாஸ் ஆஃப் த லயன்’ பலகை விளையாட்டை இன்று தொடங்கினோம். ஒருவரையொருவர் வெல்லும் ஆட்டம் அல்ல இது. நான்கு பேரும் ஒரே அணி, எதிரிகளை விளையாட்டே நடத்துகிறது. ஐசக் சில்ட்ரஸ் வடிவமைத்து 2017-இல் வெளிவந்த மூல விளையாட்டு 95 சினாரியோக்களும் (ஒரே அமர்வில் ஆடும் கதைக் கட்டங்கள்) 17 பாத்திரங்களும் கொண்டது, பெட்டியின் எடையே ஏறக்குறைய பத்துக் கிலோ. புதியவர்கள் அதைக் கண்டு தயங்குவது இயல்பு என்பதால் 2020-இல் வந்த இந்தச் சிறிய பெட்டியில் 25 சினாரியோக்களும் நான்கு பாத்திரங்களும் மட்டுமே வைத்திருக்கிறார்கள். ஆடுகளத்தைத் துண்டு துண்டாக அடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. புத்தகத்தின் பக்கங்களிலேயே அறுகோணக் கட்டங்கள் அச்சிடப்பட்டிருப்பதால் பக்கத்தை விரித்ததும் களம் தயாராகிவிடுகிறது.

அத்தான் ரெட் கார்ட் (Red Guard) என்ற காவல் வீரனை எடுத்துக்கொண்டார், தம்பி கோடரி வீசும் ஹேட்செட்டை, அக்கா வாய்ட்வார்டனை. எனக்கு டெமாலிஷனிஸ்ட் வந்தாள். உருவத்தில் சிறியவள், ஆனால் எதிரில் நிற்கும் தடைகளை இடித்துத் தள்ளுவதே அவள் கலை. குளூம்ஹேவன் என்னும் நகரில் மக்கள் காணாமல் போகிறார்கள், அதை விசாரிக்கப் புறப்பட்ட கூலிப்படையினர் நாங்கள் என்பது கதை. முதல் சினாரியோவில் நகருக்குச் செல்லும் பாதையில் எலியை ஒத்த வெர்ம்லிங்குகள் பதுங்கியிருந்து எங்களைத் தாக்கின. வென்றோம், ஆனால் இன்று மனத்தில் நின்றது அந்த வெற்றியைவிட ஆட்டத்தின் அடிப்படை முறைதான்.

ஒவ்வொரு சுற்றிலும் கையிலிருந்து இரண்டு அட்டைகளைத் தேர்ந்தெடுத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒவ்வோர் அட்டைக்கும் மேல்பாதியில் ஒரு செயல், கீழ்ப்பாதியில் ஒரு செயல், நடுவில் ஓர் இனிஷியேட்டிவ் எண். இரண்டில் நாம் முன்னிறுத்தும் அட்டையின் எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு முன்னதாக நமது முறை வரும். முறை வந்ததும் ஒன்றின் மேல்பாதியையும் மற்றதன் கீழ்ப்பாதியையும் பயன்படுத்தலாம். எதன் மேல், எதன் கீழ் என்பதை அந்த நேரத்தில் களத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்பதுதான் இதன் அழகு. இரண்டுமே பொருந்தாமல் போனால் எந்த அட்டையின் மேல்பாதியையும் சாதாரணத் தாக்குதல் 2 ஆகவும், கீழ்ப்பாதியையும் சாதாரண நகர்வு 2 ஆகவும் கொள்ளலாம். அதனால் முற்றிலும் வீணாகும் முறை என்று ஒன்று அரிதாகவே நேர்கிறது.

3 ஜூன்

நேற்றைய ஆட்டத்தில் எல்லோரையும் முதலில் சங்கடப்படுத்தியது பேச்சுக்கான கட்டுப்பாடு. அட்டைகளைத் தேர்ந்தெடுக்கும்போது அவற்றின் பெயரையோ எண்களையோ சொல்லக் கூடாது. “நான் சீக்கிரமே போய்விடுவேன்”, “கதவருகே நிற்பவனை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரே அணியில் இருந்துகொண்டு ஏன் மறைக்க வேண்டும் என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

நாங்கள் முன்பு ஆடிய ‘பாண்டமிக்’ விளையாட்டும் அணியாக ஆடுவதே. மாட் லீகாக் உருவாக்கி 2008-இல் வந்த அருமையான படைப்பு அது. ஆனால் அதில் அனுபவம் மிக்க ஒருவர் இருந்தால் எல்லோருடைய நகர்வையும் அவரே சொல்லிவிட முடியும், மற்ற மூவரும் அவர் சொன்ன இடத்தில் காய்களை வைப்பவர்களாக ஆகிவிடுவார்கள். இங்கே அது நடக்க வழியில்லை. என் கையில் எந்த அட்டைகள் மீதமிருக்கின்றன, எதை இப்போது விடலாம், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது எனக்கு மட்டுமே முழுமையாகத் தெரியும், ஆகவே முடிவும் என்னுடையதாகவே இருக்கிறது. வயதில் இளையவனான தம்பியின் முடிவை யாரும் அவனுக்காக எடுக்கவில்லை என்பதும், அவன் அதை உணர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்ததும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தன.

9 ஜூன், ஞாயிறு

முதல் ஐந்து சினாரியோக்களும் விதிகளைச் சிறிது சிறிதாகக் கற்றுத் தருவதற்காகவே அமைக்கப்பட்டவை. விதிப்புத்தகத்தை முழுவதும் படித்துவிட்டு உட்காரச் சொல்லாமல், தேவை வரும்போது ஒரு விதியைக் கையில் கொடுக்கும் இந்த ஏற்பாட்டைப் பெரிதும் மதிக்கிறேன்.

எதிரிகள் யாரைத் தாக்குவார்கள் என்பது இன்று தெளிவானது. எளிதில் எட்டிப் பிடிக்கக்கூடிய, அருகில் இருக்கும் பாத்திரத்தையே அவர்கள் குறி வைக்கிறார்கள். இருவர் சம தூரத்தில் நின்றால் அந்தச் சுற்றில் இனிஷியேட்டிவில் முந்தியவரே குறியாவார். இதைப் புரிந்துகொண்ட பிறகு “நான் சீக்கிரம் போகிறேன்” என்று அத்தான் சொல்வதன் பொருளே மாறிவிட்டது. அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறேன் என்ற வாக்குறுதியும் அதற்குள் அடங்கியிருக்கிறது. முதல் நிலையில் ரெட் கார்டின் உயிர்ப்புள்ளி, அதாவது தாங்கக்கூடிய அடியின் அளவு, 10, வாய்ட்வார்டனுக்கோ வெறும் 6. அக்கா இரண்டு கட்டம் பின்னால் தங்க, அத்தான் வாசலை அடைத்து நிற்க, தம்பி தொலைவிலிருந்து கோடரியை வீச, நான் பக்கவாட்டில் புகுந்த அந்த ஒரு சுற்று, யாரும் திட்டத்தை விரித்துச் சொல்லாமலே அமைந்தது.

வாய்ட்வார்டனைப் பற்றி ஒரு சொல். அவள் தானே அடிப்பதைவிட மற்றவர்களை அடிக்க வைப்பதில்தான் வல்லவள். அவளுடைய முறையில் என் பாத்திரம் கூடுதலாக ஒரு தாக்குதல் நடத்தும், சில வேளைகளில் எதிரியே தன் கூட்டாளியைத் தாக்கும். அக்கா இதை ஆடும்போது எங்கள் மூவரையும் எங்களைவிடக் கவனமாகப் பார்க்கிறாள்.

12 ஜூன்

அலுவலகம் முடிந்து வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கையில் 10 அட்டைகள் இருந்தால், சுற்றுக்கு 2 வீதம் 5 சுற்றுகளில் தீர்ந்துவிடும். பிறகு ஓய்வெடுத்தால் அட்டைகள் திரும்பக் கைக்கு வரும், ஆனால் ஒன்று நிரந்தரமாக அந்தச் சினாரியோவிலிருந்து போய்விடும். அப்படிக் குறைந்துகொண்டே வர, சுற்று எதையும் செலவழிக்காத சிறிய ஓய்வுகள் மட்டும் எடுத்தால் மொத்தம் 25 சுற்றுகள் தாக்குப்பிடிக்கலாம். சில வலிமையான செயல்களைப் பயன்படுத்தினால் அந்த அட்டை அப்போதே எரிந்துவிடும், அதாவது அந்தச் சினாரியோவில் திரும்ப வராது. அத்தகைய ஒன்றை முதல் சுற்றிலேயே பயன்படுத்தினால் 25 என்பது 21 ஆகிறது. கடைசி நேரத்தில் அதையே செய்தால் இழப்பு ஓரிரு சுற்றுக்கு மேல் இராது.

அடி விழும்போதும் அட்டைதான் காக்கிறது. கையிலிருந்து ஓர் அட்டையை, அல்லது பயன்படுத்தி வைத்தவற்றிலிருந்து இரண்டை இழந்தால் அந்த அடி முழுவதும் தடுக்கப்படும். ஆக, அட்டை என்பது ஆயுதம், கேடயம், மூச்சு மூன்றும் சேர்ந்தது. எதிரியின் வாளைவிடக் களைப்பே இந்த விளையாட்டில் பெரிய பகை என்று எனக்குத் தோன்றுகிறது. அட்டை தீர்ந்தவர் களைத்து வெளியேறுகிறார், அவரால் பிறகு எதுவும் செய்ய இயலாது.

16 ஜூன், ஞாயிறு

இன்று தோற்றோம். கடைசி அறையில் இரண்டு எதிரிகள் மீதமிருக்க, அத்தானும் தம்பியும் அடுத்தடுத்துக் களைத்து விழுந்தார்கள், பிறகு நாங்கள் இருவரும்.

தாக்குதலின் பலத்தைத் தீர்மானிப்பது 20 அட்டைகள் கொண்ட ஒரு கட்டு: பூஜ்யம் 6, கூட்டல் ஒன்று 5, கழித்தல் ஒன்று 5, கூட்டல் இரண்டும் கழித்தல் இரண்டும் ஒவ்வொன்று, அடி முற்றிலும் தவறும் அட்டை ஒன்று, இரட்டிப்பாகும் அட்டை ஒன்று. தாயக்கட்டையை உருட்டும்போது முன்பு விழுந்த எண்ணுக்கும் அடுத்து விழப்போவதற்கும் தொடர்பில்லை. இங்கே அப்படியல்ல. வெளிவந்த அட்டை கட்டைக் கலைக்கும் வரை திரும்பாது என்பதால், கெட்டவை போகப் போக நல்லவை நெருங்குகின்றன. தவறும் அட்டையோ இரட்டிப்பு அட்டையோ வந்தால்தான் அந்தச் சுற்றின் முடிவில் கலைக்க வேண்டும். தம்பியின் மிகப் பெரிய வீச்சு அந்தத் தவறும் அட்டையில் போய் முட்டியபோது அறையே ஒரு கணம் அமைதியானது. ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொன்னால் இந்த விளையாட்டுக்கு அநீதி செய்வதாகும். கதவு திறந்தவுடன் உள்ளே இருப்பவர்கள் அதே சுற்றில் செயல்படுவார்கள், எங்களில் இருவர் அப்போது அட்டை குறைந்த நிலையில் இருந்தார்கள். நால்வரின் களைப்பும் ஒரே நேரத்தில் சேர்ந்து வந்ததுதான் உண்மையான காரணம்.

தோற்றாலும் சேர்த்த அனுபவப் புள்ளிகளும் தங்கமும் எங்களிடமே இருக்கும் என்ற விதி மிகவும் கருணையானது. தங்கத்தை ஒருவருக்கொருவர் பங்கிட்டுக்கொள்ள மட்டும் அனுமதி இல்லை.

23 ஜூன், ஞாயிறு

அதே சினாரியோவை மறுபடியும் ஆடினோம். இந்த முறை கதவைத் திறப்பதற்கு முன் அத்தான் நீண்ட ஓய்வு எடுத்தார். நீண்ட ஓய்வுக்கு ஒரு முழுச் சுற்று செலவாகும், இனிஷியேட்டிவ் 99, ஆகவே எல்லோருக்கும் பின்னால்தான் முறை வரும். ஆனால் 2 உயிர்ப்புள்ளிகள் திரும்பும், செலவான பொருள்கள் புதுப்பிக்கப்படும், எந்த அட்டையை இழப்பது என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். சிறிய ஓய்விலோ போகும் அட்டை எதுவென்று அதிர்ஷ்டம்தான் தீர்மானிக்கும். அவர் ஓய்வெடுத்த அந்தச் சுற்றில் வாசலுக்கு வெளியே ஒருவரும் அடி வாங்காத தொலைவில் நாங்கள் மூவரும் காத்திருந்தோம். “எனக்கு இன்னும் நிறைய இருக்கிறது, அவசரம் இல்லை” என்று அக்கா சொன்ன ஒரு வாக்கியத்தில் எங்களுக்கு வேண்டிய தகவல் முழுவதும் இருந்தது. எண் எதுவும் சொல்லப்படவில்லை.

கடைசி எதிரியை வீழ்த்தியபோது என் கையில் இரண்டே அட்டைகள் இருந்தன, தம்பி முந்தைய சுற்றிலேயே களைத்திருந்தான். ஒருவர் நின்றாலும் அணி வென்றதாகவே கணக்கு. வெளியேறிய பிறகும் தம்பி நாற்காலியை விட்டு எழவில்லை. எதிரிகளின் அட்டைகளைப் புரட்டுவதையும் அவர்களை நகர்த்துவதையும் தானே ஏற்றுக்கொண்டு, முடிவு வரை எங்களோடு இருந்தான்.

நகரின் வரைபடத்தில் அடுத்த இடத்துக்கான ஸ்டிக்கரை அக்கா ஒட்டினாள். சேர்ந்த தங்கத்தில் எனக்கு ஒரு பொருள் வாங்க முடிகிறது, நகர்வுக்கு உதவும் காலணியா, உயிர்ப்புள்ளி தரும் மருந்தா என்பதை அடுத்த ஞாயிறு மற்ற மூவரும் என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்வேன்.