டி நீரோவின் ஜெர்மன் குரல்

ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டி நீரோ ஜெர்மன் டப்பிங்கில் பேசுவது கிறிஸ்டியன் ப்ரூக்னரின் குரலில். 1943-இல் வால்டன்புர்க்கில் பிறந்தவர். அந்த ஊர் இன்று போலந்தில். வளர்ந்தது கொலோன், படித்தது பெர்லினில். மேடை நடிகர். டப்பிங்கில் பெயர் வாங்கித் தந்தது 1967-இன் 'பானி அண்ட் கிளைட்', அதில் நாயகன் வாரன் பீட்டிக்குக் குரல் கொடுத்தார். பிறகு 'டாக்ஸி டிரைவர்', டி நீரோ... இன்றுவரை அந்தக் கரகரப்புதான் அடையாளம்.

ஜெர்மனியில் டப்பிங் வேலை நடக்கும் விதம் சுவாரசியமானது. படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு 'டேக்'. சம்பளக் கணக்கும் பெரும்பாலும் அதை வைத்துத்தான். முதலில் நேரடி மொழிபெயர்ப்பு வரும். அதை வைத்து வசனகர்த்தா உதட்டுக்குப் பொருந்த மாற்றி எழுதுவார். திரையில் உதடு மூடும் இடத்தில் ப, ம போன்ற ஒலி விழ வேண்டும். குளோசப்பில் இது தவறினால் உடனே கண்ணை உறுத்தும். நடிகர் திரும்பி நின்றாலோ தூரத்தில் இருந்தாலோ கவலையில்லை, அங்கே அர்த்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இப்போதெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசிப் பதிவதே வழக்கம். எதிரே ஆள் இல்லாமல் சண்டைக்காட்சிக்குக் கத்துவதுதான் கஷ்டம்: சுருதி கூடிவிடும் அல்லது தளர்ந்துவிடும்.

ப்ரூக்னர் இதோடு நிற்கவில்லை. 2000-இல் மனைவியோடு சேர்ந்து 'பார்லாண்டோ' என்ற ஒலிப்புத்தகப் பதிப்பகம் தொடங்கினார். 2012-இல் வாழ்நாள் பணிக்காக ஜெர்மன் ஒலிப்புத்தக விருது. என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான வீச்சு தெரிவது இந்த வாசிப்புகளில்தான். அங்கே யாருடைய உதட்டுக்கும் அவர் கட்டுப்பட வேண்டியதில்லை.